மூணு ரிப்போர்ட் டிசைனர், ஒரே கேள்வி: கனெக்ஷன் புட்டுக்கிச்சுன்னா எது உண்மையைச் சொல்லுது?

ரிப்போர்ட் டிசைன் சாஃப்ட்வேர் (டேட்டாபேஸ்ல இருக்கிற டேட்டாவை பில், லிஸ்ட் மாதிரி பக்கமா ஆக்கித் தர்றது) ரிவியூன்னு தேடினா எல்லாரும் சார்ட் அழகா வருதா, பார்கோடு போட முடியுமா, எக்செல் எக்ஸ்போர்ட்ல கட்டம் நகராம நிக்குதா, இதையே தான் திருப்பித் திருப்பி எழுதுறாங்க. அதெல்லாம் டேட்டா வந்ததுக்கு அப்புறம் பார்க்க வேண்டிய கதை. டேட்டாவே வரலன்னா? சட்டியில இருந்தா தானே அகப்பையில வரும். ரிப்போர்ட் வேலை பார்க்கிற யாரை வேணா கேளுங்க, லேஅவுட் போடுறதுக்கு ஆன நேரத்தை விட எந்த டேட்டாபேஸ்னு சொல்லி கனெக்ட் பண்ற டேட்டா சோர்ஸ் ஸ்கிரீன்ல மாட்டிக்கிட்டு முழிச்ச நேரம் தான் ஜாஸ்தியா இருக்கும்.

அதனால இந்த ரிவியூல அந்த ஒரு ஸ்கிரீனை மட்டும் தான் பார்க்கப் போறேன். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ஜாஸ்பர்சாஃப்ட் ஸ்டுடியோ, மைக்ரோசாஃப்ட்டோட ரிப்போர்ட் பில்டர், இந்த மூணு. மார்க் போட நான் வச்சிருக்கிற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு. கனெக்ட் ஆகலன்னா டேட்டாபேஸ் என்ன சொல்லுச்சோ, டிரைவர் (டூலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல பேசுற புரோகிராம்) என்ன சொல்லுச்சோ, அதை அப்படியே நம்ம கிட்ட கொண்டு வந்து கொடுக்குதா, இல்ல நடுவுல முழுங்கிட்டு "கனெக்ஷன் ஃபெயில்டு"ன்னு ஒரு வரியில முடிச்சுக்குதா. ஏன்னா முக்காவாசி நேரம் தப்பு இந்த டூல்ல இருக்கவே இருக்காது, டிரைவர்லயோ நெட்வொர்க்லயோ யூசர் பர்மிஷன்லயோ இருக்கும். டூல் பண்ண வேண்டியது நடுவுல நின்னு மறைக்காம இருக்கிறது தான்.

முதல்ல கிரிஸ்டல். வயசான ஆளு, ஆனா இன்னும் பில், இன்வாய்ஸ், பே ஸ்லிப்னு ஏகப்பட்ட இடத்துல ஓடிக்கிட்டு தான் இருக்கு. இதுல கனெக்ஷன் பிரச்சனைன்னா முதல் சந்தேகம் 32 பிட், 64 பிட் சண்டை மேல தான் போகணும். 2016 வெர்ஷன் வரைக்கும் டிசைனர் 32 பிட், 2020 வெர்ஷன்ல தான் 64 பிட்டுக்கு வந்தாங்க. விண்டோஸ்ல ஓடிபிசி (டிரைவர் வழியா எந்த டேட்டாபேஸோடயும் பேசுறதுக்கான பொது முறை) செட்டிங் பண்ற புரோகிராமும் ரெண்டு இருக்கு, ரெண்டோட ஃபைல் பேரும் ஒண்ணே, ஓடிபிசிஏடி32. சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருக்கிறது 64 பிட்டாம், சிஸ்வாவ்64 ஃபோல்டர்ல இருக்கிறது 32 பிட்டாம். பேரைப் பார்த்துட்டு நேர் எதிரா புரிஞ்சுக்கிட்டா உங்க மேல ஒரு தப்பும் இல்ல, பழைய புரோகிராம்கள் உடையக் கூடாதுன்னு மைக்ரோசாஃப்ட் அப்படி வச்சிருக்காங்க.

இதோட விளைவு என்னன்னா, 64 பிட் பக்கம் சிஸ்டம் டிஎஸ்என் (கனெக்ஷன் விவரத்தை ஒரு பேர்ல சேமிச்சு வைக்கிறது, மெஷின்ல எல்லா யூசருக்கும் பொது) ஒண்ணு அழகா கிரியேட் பண்ணி, அங்கேயே டெஸ்ட் பண்ணி, "சக்சஸ்" பார்த்துட்டு, சந்தோஷமா பழைய கிரிஸ்டலைத் திறந்தா அந்த டிஎஸ்என் லிஸ்ட்லயே இருக்காது. பேரை நேரா கனெக்ஷன் ஸ்ட்ரிங்ல கொடுத்து ஓட்டினா ரெண்டு விதமா எரர் வரும். ஐஎம்002ன்னு வந்தா அந்தப் பேர்ல டிஎஸ்என்னே இல்லன்னு அர்த்தம், ஸ்பெல்லிங்கைப் பாருங்க இல்லன்னா இன்னொரு பக்கம் தேடுங்க. ஐஎம்014ன்னு வந்தா டிஎஸ்என் இருக்கு ஆனா டிரைவரும் அப்ளிகேஷனும் வேற வேற பிட்டுன்னு அர்த்தம். இந்த ரெண்டு நம்பரையும் மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க, கிரிஸ்டல் மட்டும் இல்ல, ஓடிபிசி தொடுற எல்லாத்துலயும் உதவும். 2016-ல இருந்து 2020-க்கு மாறுறவங்களுக்கு இதே கதை தலைகீழா நடக்கும், பழைய 32 பிட் டிஎஸ்என் எல்லாம் புது டிசைனருக்குத் தெரியாது, 64 பிட் டிரைவர் போட்டு எல்லாத்தையும் மறுபடி கிரியேட் பண்ணணும். அப்கிரேடுக்கு முன்னாடி பழைய டிஎஸ்என் செட்டிங் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு, உங்க லாகினுக்கு மட்டும் தெரியுற யூசர் டிஎஸ்என் கிரியேட் பண்ணாதீங்க. டிசைனர்ல நல்லா வேலை செய்யும், ஏன்னா நீங்க லாகின் பண்ணியிருக்கீங்க. அதே ரிப்போர்ட்டை ராத்திரி ஷெட்யூல்ல ஓட்டுற சர்வீஸ் வேற அக்கவுன்ட்ல ஓடும், அதோட கண்ணுக்கு உங்க யூசர் டிஎஸ்என் தெரியாது.

எரர் மெசேஜ் விஷயத்துல கிரிஸ்டலுக்கு நான் பாதி மார்க் தான் கொடுப்பேன். "லாகான் ஃபெயில்டு"ன்னு பெட்டி வரும்போது கீழ "டேட்டாபேஸ் வெண்டார் கோட்"னு ஒரு நம்பர் போடும் பாருங்க, அது தங்கம். அந்த நம்பர் டேட்டாபேஸ் கொடுத்தது, கிரிஸ்டல் கொடுத்தது இல்ல. மைக்ரோசாஃப்ட்டோட எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல 18456ன்னு வந்தா நெட்வொர்க், போர்ட், டிரைவர் எல்லாம் ஓகே, கதவு வரைக்கும் போய்ட்டோம், உள்ள விட மாட்டேங்குறான்னு அர்த்தம். ஆனா அதே கிரிஸ்டல் சில சமயம் "டேட்டாபேஸ் இன்ஃபர்மேஷனை லோட் பண்ண முடியல"ன்னு மொட்டையா ஒண்ணு போடும், அதை வச்சு நாக்கு கூட வழிக்க முடியாது. டிரைவர் இல்லன்னாலும் அதே, வேற எதுவா இருந்தாலும் அதே.

18456 பத்தி பேச்சு வந்ததால ஒரு விஷயம் சொல்லிடறேன். க்ளையன்ட் பக்கம் எப்பவுமே ஸ்டேட் 1ன்னு தான் காட்டும், அது செக்யூரிட்டிக்காக வேணும்னே மறைக்கிறது. உண்மையான ஸ்டேட் நம்பர் சர்வரோட எரர் லாக்ல இருக்கும். அங்க 5ன்னு இருந்தா அந்தப் பேர்ல லாகினே இல்ல, 8ன்னா பாஸ்வேர்டு தப்பு, 38ன்னா லாகின் சரி ஆனா கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியல, 58ன்னா சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏத்துக்கிற மாதிரி செட் பண்ணியிருக்கு, நீங்க எஸ்க்யூஎல் யூசர் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க. டேட்டாபேஸைப் பார்த்துக்கிற டிபிஏ கிட்ட "கனெக்ட் ஆகல சார்"னு போய் நிக்கிறதுக்கும் "எரர் லாக்ல 18456 என்ன ஸ்டேட் வந்திருக்குன்னு பாருங்க சார்"னு கேக்கிறதுக்கும் பதில் வர்ற வேகத்துலயே வித்தியாசம் தெரியும்.

கிரிஸ்டல்ல ரெண்டு பொறி இருக்கு, ரெண்டுமே கனெக்ஷன் பிரச்சனை மாதிரி வேஷம் போட்டு வரும். "சேவ் டேட்டா வித் ரிப்போர்ட்"னு ஒரு ஆப்ஷன், அது டிக் ஆகியிருந்தா ரிப்போர்ட்டைத் திறந்ததும் பழைய டேட்டா அழகா நிக்கும், டேட்டாபேஸ் செத்தே கிடந்தாலும் நிக்கும். எஃப்5 அடிச்சா தான் உண்மை தெரியும். ரெண்டாவது, டெஸ்ட் சர்வர்ல இருந்து லைவ் சர்வருக்கு மாத்த "செட் டேட்டாசோர்ஸ் லொகேஷன்"ல போய் அப்டேட் பண்ணுவோம்ல, அதே விண்டோல கீழ சப்ரிப்போர்ட் (ரிப்போர்ட்டுக்குள்ள வைக்கிற குட்டி ரிப்போர்ட்) ஒவ்வொண்ணும் தனியா நிக்கும், அதையும் ஒவ்வொண்ணா மாத்தணும். மெயின் ரிப்போர்ட்டை மட்டும் மாத்திட்டு விட்டா பாதி பக்கம் லைவ், பாதி பக்கம் டெஸ்ட், இல்லன்னா நடுவுல திடீர்னு லாகின் பெட்டி எட்டிப் பார்க்கும். கனெக்ஷனுக்கு மட்டும் கிரிஸ்டலுக்கு 5-க்கு 2.5.

அடுத்தது ஜாஸ்பர்சாஃப்ட் ஸ்டுடியோ. எக்லிப்ஸ் மேல கட்டினது, பழைய ஐரிப்போர்ட்ங்கிற டிசைனருக்குப் பதிலா வந்தது. பார்க்க கரடுமுரடா இருக்கும், முதல் தடவை திறக்கிறவங்க பயந்துடுவாங்க, ஆனா நம்ம அளவுகோல்ல இது தான் மூணுலயும் நேர்மையானது. கனெக்ட் ஆகலன்னா ஜாவா ஸ்டாக் டிரேஸ் (எரர் எந்தெந்த வழியா வந்துச்சுங்கிற நீளமான லிஸ்ட்) மொத்தத்தையும் கொட்டும். நிறைய பேர் அதைப் பார்த்ததும் விண்டோவை மூடிடறாங்க, அதைத் தான் பண்ணக் கூடாது. கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி "காஸ்டு பை"ன்னு ஆரம்பிக்கிற கடைசி வரியைப் படிங்க, விஷயம் அங்க தான் இருக்கும். மேல இருக்கிற நாப்பது அம்பது வரி நமக்குத் தேவையே இல்ல.

"கிளாஸ் நாட் ஃபவுண்ட்"னு வந்தா ஜேடிபிசி (ஓடிபிசி மாதிரி தான், ஜாவாவுக்கு) டிரைவர் இருக்கிற ஜார் ஃபைலை நீங்க கொடுக்கல. கனெக்ஷன் விவரம் கொடுக்கிற டேட்டா அடாப்டர் விண்டோல "டிரைவர் கிளாஸ்பாத்"னு ஒரு டேப் இருக்கு, அங்க ஜாரை ஆட் பண்ணணும், இது ரொம்ப பேர் கண்ணுல படாத டேப். ஜாரைக் கொடுத்தும் "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்"னு திட்டுச்சுன்னா ஸ்டுடியோ ஓடுற ஜாவாவை விட புது ஜாவாவுக்குக் கம்பைல் பண்ண ஜாரைப் போட்டிருக்கீங்க. எஸ்க்யூஎல் சர்வர் டிரைவரை டவுன்லோட் பண்ணா உள்ள ஜேஆர்இ8, ஜேஆர்இ11ன்னு தனித்தனி ஜார் இருக்கும், பெருசா இருக்கிற நம்பர் தான் நல்லதுன்னு எடுத்துடாதீங்க.

மைஎஸ்க்யூஎல் ஆளுங்களுக்கு இங்க தனி அத்தியாயமே உண்டு. 2018-ல வந்த 8.0-ல பாஸ்வேர்டு சரிபார்க்கிற டிஃபால்ட் முறையை மாத்தினாங்க, அதுல இருந்து பழைய கனெக்டர் (மைஎஸ்க்யூஎல்லோட ஜேடிபிசி டிரைவர்) ஜார் வச்சிருக்கிறவங்களுக்கு லாகினே ஆகல. சரின்னு புது ஜார் போட்டா "பப்ளிக் கீ ரிட்ரீவல் அனுமதி இல்ல"ன்னு ஒண்ணு வரும். கனெக்ஷன் யூஆர்எல் கடைசியில அந்த அனுமதியை ட்ரூன்னு கொடுத்தா ஓடிடும், ஆனா நம்பிக்கையான நெட்வொர்க்ல மட்டும் அப்படி பண்ணுங்க, லைவ்ல எஸ்எஸ்எல் (என்கிரிப்ட் பண்ண கனெக்ஷன்) போட்டுக்கிறது தான் முறை. அப்புறம் டைம்சோன் எரர். சர்வர் ஐஎஸ்டின்னு சொல்லும், அந்த மூணு எழுத்தை இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூணு பேரும் வச்சிருக்காங்க, எதுன்னு தெரியாம 8.0-வோட ஆரம்ப கனெக்டர்கள் அங்கேயே நின்னுடும். யூஆர்எல்ல சர்வர் டைம்சோனை முழுப் பேரோட கொடுத்தா சரியாகும், இல்லன்னா கனெக்டரை அப்டேட் பண்ணுங்க.

போஸ்ட்கிரெஸ் பக்கம் வந்தா "ஆத்தென்டிகேஷன் டைப் 10 சப்போர்ட் இல்ல"ங்கிறது ரொம்ப பாப்புலர். 14-வது வெர்ஷன்ல இருந்து பாஸ்வேர்டு ஹேஷ் (பாஸ்வேர்டை அப்படியே வைக்காம உருமாத்திச் சேமிக்கிறது) டிஃபால்ட்டா ஸ்கிராம் முறைக்குப் போய்டுச்சு, 42.2-க்கு முந்தின ஜேடிபிசி டிரைவருக்கு அது புரியாது. பாஸ்வேர்டை மாத்தி மாத்தி அடிச்சுப் பார்க்காதீங்க, ஜாரை மாத்துங்க. "பிஜி ஹெச்பிஏ ஃபைல்ல என்ட்ரி இல்ல"ன்னு வந்தா அது சர்வர் பக்கம் உங்க ஐபிக்கு வழி விடலன்னு அர்த்தம், டூல்ல எதை நோண்டினாலும் சரியாகாது.

இவ்வளவு நேர்மையா இருக்கிற ஸ்டுடியோ ஒரு இடத்துல மட்டும் ஊமையாயிடும். டெஸ்ட் பட்டன்ல "சக்சஸ்ஃபுல்", பிரிவியூ போனா "டாக்குமென்ட்ல பக்கமே இல்ல". எரர் கிடையாது, சிவப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது. இது கனெக்ஷன் பிரச்சனை இல்ல, க்வெரிக்கு ரிசல்ட் வரல, "வென் நோ டேட்டா" ப்ராப்பர்ட்டி "நோ பேஜஸ்"ல இருக்கு, அதாவது டேட்டா இல்லன்னா பக்கமே போடாதேன்னு செட் ஆகியிருக்கு. அதே மாதிரி எல்லா ஃபீல்டுலயும் நல் நல்னு (மதிப்பே இல்லன்னு அர்த்தம்) ஒரே ஒரு வரி வந்தா பிரிவியூக்கு மேல இருக்கிற டிராப்டவுனைப் பாருங்க, "ஒன் எம்ப்டி ரெக்கார்ட்"னு செலக்ட் ஆகியிருக்கும், உங்க டேட்டாபேஸ் பக்கம் அது எட்டிக் கூட பார்த்திருக்காது. இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்காம ஃபயர்வால் டீமை எழுப்பி விட்டவங்க எத்தனையோ பேர்.

ஜாஸ்பருக்கு 5-க்கு 4. அரை மார்க் அந்த ஊமைப் பக்கத்துக்கு, அரை மார்க் கண்ணுல படாத டேப்புக்குக் குறைச்சேன்.

மூணாவது ரிப்போர்ட் பில்டர். டிசைனர்னு பார்த்தா மூணுல ஈஸி இது தான், ரிப்பன் மெனு எல்லாம் வேர்ட் மாதிரி இருக்கும். பிரச்சனை என்னன்னா, எரர் எந்த மெஷின்ல நடந்துச்சுன்னே இதுல குழப்பம். விண்டோவோட கீழ் ஓரத்துல ஸ்டேட்டஸ் பார்ல எந்த ரிப்போர்ட் சர்வரோட (ரிப்போர்ட்டை வச்சிருந்து எல்லாருக்கும் ஓட்டித் தர்ற சர்வர்) கனெக்ட் ஆகியிருக்குன்னு சின்னதா எழுதியிருக்கும், பக்கத்துல "டிஸ்கனெக்ட்". அதுல சர்வர் பேர் இருந்தா நீங்க பார்க்கிற பிரிவியூ சர்வர்ல ஓடுது, டிஸ்கனெக்ட் பண்ணிட்டா உங்க மெஷின்ல ஓடுது. அதனால முதல் டெஸ்ட்டே அந்த டிஸ்கனெக்ட் தான், ஒரு தடவை இப்படி ஒரு தடவை அப்படின்னு ஓட்டிப் பாருங்க, எந்தப் பக்கம் ஓட்டைன்னு உடனே தெரிஞ்சுடும். (சர்வர்ல பொதுவா இருக்கிற ஷேர்டு டேட்டா சோர்ஸ் வச்சிருந்தா டிஸ்கனெக்ட் பண்ணதும் அது கிடைக்காது, டெஸ்ட்டுக்கு ரிப்போர்ட்டுக்குள்ளயே எம்பெடட் ஒண்ணு போட்டுக்கோங்க.) விஷுவல் ஸ்டுடியோல டிசைன் பண்றவங்களுக்கு இன்னொரு சிக்கல், 2022 வெர்ஷனுக்கு முந்தின விஷுவல் ஸ்டுடியோ எல்லாம் 32 பிட், ரிப்போர்ட் சர்வர் 64 பிட். இங்க ஓடுற ஓடிபிசி டிஎஸ்என் அங்க ஓடாது, மறுபடியும் மேல சொன்ன அதே ரெண்டு ஃபோல்டர் கதை.

சர்வர்ல ரிப்போர்ட்டைத் திறந்தா வர்ற மெசேஜ் இருக்கே, "டேட்டா சோர்ஸுக்கு கனெக்ஷன் உருவாக்க முடியல", அதுக்குக் கீழ "விவரம் வேணும்னா சர்வர் மெஷின்லயே போய்ப் பாருங்க, இல்லன்னா ரிமோட் எரர்ஸை ஆன் பண்ணுங்க". டிஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும். வெளி ஆளுக்கு உள் விவரம் தெரியக் கூடாதுங்கிற காரணம் எனக்குப் புரியுது, ஆனா அட்மின் ரைட்ஸோட உள்ள வந்திருக்கிற ஆளுக்காவது காட்டலாம்ல? மேனேஜ்மென்ட் ஸ்டுடியோல ரிப்போர்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போய் ஆன் பண்ணிட்டு, வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுங்க.

ஆன் பண்ணதும் பெரும்பாலும் தெரியவர்றது "அனானிமஸ் லாகான்"ங்கிற பேர்ல லாகின் ஃபெயில் ஆன கதை. அனானிமஸ்னு ஒரு யூசரை யாரும் கிரியேட் பண்ணியிருக்க மாட்டாங்க, அப்புறம் எங்கிருந்து வந்தான்? நீங்க உங்க மெஷின்ல இருந்து ரிப்போர்ட் சர்வருக்குப் போறீங்க, அது வேற மெஷின்ல இருக்கிற டேட்டாபேஸுக்குப் போகணும். உங்க விண்டோஸ் அடையாளத்தை அந்த ரெண்டாவது தாவலுக்கு எடுத்துட்டுப் போக கெர்பரோஸ் டெலிகேஷன் (உங்க பேர்ல சர்வர் போய்க் கேக்கிறதுக்கான அனுமதி) செட் ஆகியிருக்கணும், இல்லன்னா அடையாளம் நடுவுலயே உதிர்ந்துடும். கெர்பரோஸ் செட்டப்பை டொமைன் அட்மின் கிட்ட கேட்டு வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும், அதனால பெரும்பாலான இடத்துல டேட்டா சோர்ஸ்ல ஸ்டோர்டு கிரெடென்ஷியல் (சேமிச்சு வைக்கிற யூசர் பேர், பாஸ்வேர்டு) கொடுத்துட்டு நகர்ந்துடறாங்க, மெயில்ல ஷெட்யூல் பண்ணி அனுப்பணும்னா எப்படியும் அது தான் வேணும். ரிப்போர்ட் பில்டருக்கு 5-க்கு 3, ரிமோட் எரர்ஸை ஆன் பண்ணதுக்கு அப்புறம் 3.5.

மூணு டூலுக்கும் பொதுவா ஒரு விஷயம் 2022-ல நடந்துச்சு. எஸ்க்யூஎல் சர்வரோட ஓடிபிசி டிரைவர் 18 வந்தப்போ என்கிரிப்ஷனை டிஃபால்ட்டா ஆன் பண்ணிட்டாங்க, ஜேடிபிசி பக்கமும் 10.2-ல அதே. அதுவரைக்கும் நல்லா ஓடின ரிப்போர்ட் டிரைவர் அப்டேட் பண்ண அன்னிக்கே "சர்டிபிகேட் செயினை நம்ப முடியல"ன்னு நின்னுடும். அதுக்கு டிரஸ்ட் சர்வர் சர்டிபிகேட்டை ட்ரூ போட்டுட்டுப் போங்கன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க. டெஸ்ட் மெஷின்ல பண்ணுங்க, லைவ்ல சர்வருக்கு ஒழுங்கான சர்டிபிகேட் போடச் சொல்லுங்க.

பேர் சொல்ல விரும்பாத இன்னொரு டிசைனரும் இருக்கு, காசு கொடுத்து வாங்கினது. அது எதுக்குமே "கனெக்ட் பண்ண முடியல, அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்பு கொள்ளவும்"னு தான் சொல்லும், அந்த அட்மினிஸ்ட்ரேட்டரே நான் தான். சப்போர்ட்ல கேட்டா அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கன்னாங்க. ஓடிபிசி டிரேஸிங் ஆன் பண்ணி லாக் எடுத்துப் பார்த்தா டிரைவர் தெளிவா டேட்டாபேஸ் பேர் தப்புன்னு சொல்லியிருக்கு, இந்தப் புண்ணியவான் அதைத் தூக்கிப் போட்டுட்டு தன்னோட வரியைப் போட்டிருக்கான். இதுக்கு மார்க்கே கிடையாது.

எந்த டூலா இருந்தாலும் அதுக்குள்ள நோண்டுறதுக்கு முன்னாடி வெளிய ஒரு டெஸ்ட் போட்டுடுங்க. விண்டோஸ்ல எதுவும் இன்ஸ்டால் பண்ணாம பண்ணலாம். டெஸ்க்டாப்ல காலி டெக்ஸ்ட் ஃபைல் ஒண்ணு கிரியேட் பண்ணி எக்ஸ்டென்ஷனை யூடிஎல்னு மாத்துங்க (எக்ஸ்டென்ஷன் தெரியுற மாதிரி முதல்ல செட்டிங் மாத்திக்கோங்க, இல்லன்னா அது டெக்ஸ்ட் ஃபைலாவே நிக்கும்). டபுள் கிளிக் பண்ணா டேட்டா லிங்க் விண்டோ திறக்கும், ப்ரொவைடர் செலக்ட் பண்ணி சர்வர் பேர், யூசர் கொடுத்து டெஸ்ட் அடிங்க. இங்க ஓடி டூல்ல ஓடலன்னா டூல் பக்கம், இல்லன்னா அதோட பிட் சைஸ் பக்கம் பாருங்க, ஏன்னா 64 பிட் விண்டோஸ்ல இது 64 பிட்டா தான் திறக்கும். இங்கயும் ஓடலன்னா பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்ஷன் போட்டு போர்ட் திறந்திருக்கான்னு பாருங்க. எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, மைஎஸ்க்யூஎல் 3306, போஸ்ட்கிரெஸ் 5432, ஆரக்கிள் 1521.

எஸ்க்யூஎல் சர்வர்ல நேம்டு இன்ஸ்டன்ஸ் (ஒரு மெஷின்ல தனிப் பேரோட ஓடுற எஸ்க்யூஎல் சர்வர்) வச்சிருந்தா 1433 திறந்திருக்குன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. அது பெரும்பாலும் வேற போர்ட்ல உட்கார்ந்திருக்கும், எந்த போர்ட்னு கேட்டுச் சொல்றது எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸ், அது யுடிபி 1434. அது ஃபயர்வால்ல அடைச்சிருந்தா எரர் 26 வரும். எக்ஸ்பிரஸ் எடிஷன்ல டிசிபியே டிஃபால்ட்டா ஆஃப், கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல ஆன் பண்ணி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும், ரீஸ்டார்ட்டை மறந்துட்டு தலையைப் பிச்சுக்கிறவங்க நிறைய. போர்ட்டை ஃபிக்ஸ் பண்ணிட்டா பிரவுசரே வேண்டாம், நேரா நம்பரைக் கொடுத்துடலாம். ஓடிபிசில சர்வர் பேருக்கு அப்புறம் கமா போட்டு போர்ட், ஜேடிபிசில கோலன் போட்டு போர்ட். மாத்திப் போட்டா சர்வரே கிடைக்கலன்னு தான் வரும், கமா தப்புன்னு எந்த டூலும் சொல்லாது.

ஆரக்கிள் ஆளுங்களுக்கு ஒண்ணு. ஓஆர்ஏ-12154ன்னா நெட்வொர்க்கைத் தொடவே இல்ல, கொடுத்த பேருக்கு அட்ரஸ் தெரியல, அட்ரஸ் லிஸ்ட் இருக்கிற டிஎன்எஸ்நேம்ஸ் ஃபைலை எந்த ஃபோல்டர்ல தேடுதுன்னு பாருங்க. 12541ன்னா மெஷின் கிடைச்சிடுச்சு ஆனா லிஸனர் (வர்ற கனெக்ஷனை வாங்கிக்கிற புரோகிராம்) இல்ல, 12514ன்னா லிஸனர் இருக்கு ஆனா அந்த சர்வீஸ் பேர் அதுக்குத் தெரியல. 28000 வந்தா தான் வம்பு, அக்கவுன்ட் லாக். ஆரக்கிள் டிஃபால்ட் ப்ரொஃபைல்ல 10 தடவை தப்பு பாஸ்வேர்டு போனா பூட்டிடும். ரிப்போர்ட் யூசரோட பாஸ்வேர்டை மாத்திட்டு ஷெட்யூல் பண்ண ரிப்போர்ட் ஒண்ணை மறந்துட்டீங்கன்னா அது பழைய பாஸ்வேர்டோட போய்த் தட்டிக்கிட்டே இருக்கும், நீங்க திறந்து விட விட அது மறுபடி பூட்டிக்கிட்டே இருக்கும். பாஸ்வேர்டு மாத்துறதுக்கு முன்னாடி அந்த யூசரை எந்தெந்த ஷெட்யூல் எடுத்துக்குதுன்னு ஒரு லிஸ்ட் எடுங்க, எல்லாத்தையும் நிறுத்துங்க, அப்புறம் மாத்துங்க.